கூடுதலாக ஒரு சுற்று

வாரம் ஐந்து நாள் நான் செய்வது பற்கள்.
ஷும்பெர்க் நகரில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்,
யாருடையதென்றே தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப் பற்கள்.
ஆறாம் நாள் யெசெனீக்கி மலையில்
நாற்பதைத் தாண்டிய பெண்கள் பிரிவு.
சைக்கிளின் நெற்றியில்
இருநூற்றுப் பதினெட்டு என்று கட்டிவிடுகிறார்கள்.

பிரிவில் மொத்தம் மூன்று பேர்.
ஊதல் கேட்டதும் ஒருத்தி காட்டுக்குள் போனாள்,
அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.
மிச்சம் நானும் ஸ்லாவ்காவும்.

முதல் சுற்றில் பேச முடிந்தது.
"மழை வரும்போல" என்றாள்.
"பெய்துகொண்டுதானே இருக்கிறது" என்றேன்.
இரண்டாம் சுற்றில் பேச்சு போனது.
ஏற்றத்தில், இருக்கிற கியரெல்லாம் தீர்ந்த பிறகும்
கட்டைவிரல் இன்னொன்றைத் தேடி அழுத்துகிறது.
இல்லையென்று அதற்குத் தெரியும்.
இருந்தாலும் அழுத்துகிறது.

உச்சிக்கு அப்பால்
வேர்கள் குறுக்கே கிடக்கும் இறக்கம்.
நனைந்த ஸ்ப்ரூஸ் வேர்கள்
சோப்பு போட்ட முழங்கைகள்.
ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நான் இறங்கிவிடுவேன்.
சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு
நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பேன்.
நாடாவுக்கு வெளியே நின்று பிள்ளைகள்
மாட்டுமணியை ஆட்டி ஆட்டிக் கத்தும்:
"ஓட்டுங்க! ஓட்டுங்க!"
மணி ஒலித்தாலே என் கால் தரையைத் தேடும்.

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு.
முதலில் வருபவன் நான்கு சுற்றை முடித்துவிட்டால்
அவனுக்குப் பின்னால் கோட்டைத் தொடுகிற எல்லோருக்கும்
அந்த இடத்திலேயே பந்தயம் முடிந்தது.
எத்தனை சுற்று மிச்சம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.
சூப் தருவார்கள்.

மூன்றாம் சுற்றின் கடைசிப் புல்வெளியில்
ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.
வந்துகொண்டிருக்கிறான், எங்களுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில்.
ஸ்லாவ்கா பிரேக்கைத் தொட்டாள்.
திரும்பிப் பார்த்து, புருவத்தைத் தூக்கி,
அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.
புத்திசாலி.
ஒரு பந்தயத்தில் மெதுவாகப் போவதற்கும்
நேரம் பார்க்கத் தெரியவேண்டும்.

எனக்கு என்ன சனியன் பிடித்ததோ,
எழுந்து நின்று மிதித்தேன்.
வாய்க்குள் இரும்புச் சுவை,
முதுகில் அவன் டயரின் சத்தம்.
இரண்டு நொடி முந்திக் கோட்டைத் தாண்டினேன்.
கூட்டம் கைதட்டியது, எனக்கல்ல.
கொடிக்காரர் லுபோர் என்னைப் பாவமாகப் பார்த்து
காட்டுப் பக்கம் கை காட்டினார்:
"இன்னும் ஒரு சுற்று."

ஐந்தரைக் கிலோமீட்டர்.
எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.
பின்னால் ஒருவரும் இல்லை.
முதல் வளைவில் நின்ற தன்னார்வலர்
நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்,
என்னைக் கண்டதும் திருடியவர்போல விழித்து
மறுபடி கொஞ்சம் அவிழ்த்துவிட்டார்.
தண்ணீர் மேசையில் தண்ணீர் இல்லை.
பாதி கடித்த வாழைப்பழம் ஒன்று இருந்தது,
தின்றேன்.
இடது தொடை கெண்டை பிடித்தது,
திட்டினேன், செக்கிலும் ஜெர்மனிலும்.
மழை எப்போது நின்றதென்று தெரியவில்லை,
மரங்கள்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

வேர்களுக்கு வந்தேன்.
பிள்ளைகள் சூப்புக்குப் போயிருந்தார்கள்.
மணி ஒன்று புல்லில் கிடந்தது, வாய் மண்ணில்.

துணிச்சல் என்று சொன்னால் பொய்.
இறங்கி நடக்க இனிக் கால் இல்லை, அவ்வளவுதான்.
உட்காருமிடத்தை விட்டுப் பின்னால் சாய்ந்தேன்.
பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன்.
முதல் வேர் முன்சக்கரத்தை இடதுபக்கம் தள்ளியது.
இரண்டாவது அதைத் திருப்பிக் கொடுத்தது.
மூன்று, நான்கு, எண்ணவில்லை.
நிமிர்ந்தபோது கீழே இருந்தேன்,
சைக்கிளின் மேலேயே.
ஒரு நட்கிராக்கர்ப் பறவை கரகரவென்று கத்தியது.
அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

முடிவுக் கோட்டில் வளைவைக் காற்றுப் பிடுங்கி மடித்திருந்தார்கள்.
நேரம் குறிக்கும் கருவி பெட்டிக்குள்.
லுபோர் பென்சிலை எடுத்து,
கைக்கடிகாரத்தைப் பார்த்து,
உத்தேசமாக ஒரு நேரத்தை எழுதினார்.
"வேர் இறக்கத்தை ஓட்டியே வந்தேன்" என்றேன்.
தாளை மேலும் கீழும் பார்த்தார்.
"அதற்கு இதில் கட்டம் இல்லையே" என்றார்,
உண்மையான வருத்தத்தோடு.

ஸ்லாவ்கா இதற்குள் குளித்து, தலைவாரி,
இரண்டாவது பீரில் இருந்தாள்.
எனக்கு இரண்டாமிடம், அவளுக்கு மூன்றாமிடம்.
"அப்படியென்ன அவசரம் உனக்கு?" என்றாள்.
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
பல்லெல்லாம் மண்.